பழைய கேம் பத்திரிகைகள்: வெட்டுறவன் எழுதியும் வைக்கணும்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் சூடான பதிவும்கூட. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா வந்து படிங்க.

போன வாரம் ஒரு நண்பர் சாட்ல வந்து பெருமையா சொன்னார். "தல, எண்பதுகள்ல வந்த ஜப்பான் வீடியோ கேம் பத்திரிகை முன்னூறு இதழ் கைவசம் இருக்கு. எல்லாம் ஸ்கேன் ஆயிடுச்சு. இனிமே எதுவும் அழியாது." ஆசையா திறந்து பார்த்தேன். ஃபோல்டரோட பேரு "புதுசு 2". உள்ளே வெறும் நம்பர் போட்ட படங்கள். எந்தப் பத்திரிகை, எந்த மாசம், ஒண்ணும் கிடையாது. பாதி இதழ்களுக்கு அட்டை இல்லை. ஒண்ணுல நடுவுல எட்டு பக்கம் காணோம். காணோம்ங்கிறதைக்கூட யாரும் எங்கேயும் குறிச்சு வைக்கலை.

அவர்கிட்ட சொல்ல வேண்டியதை அப்பவே சொல்லிட்டேன். ஆனா இது அவர் ஒருத்தரோட பிரச்சனை இல்லை. வேலைக்காக ஜப்பானுக்கு வந்து கத்துக்கிட்ட அரைகுறை மொழியை வெச்சுக்கிட்டு, இந்த ஸ்கேன் வேலையில நானும் சில வருஷமா ஓரமா நிக்கிறேன். எப்பவாவது ஸ்கேன் பண்ணுவேன். பெரும்பாலும் மத்தவங்க ஸ்கேனுக்கு அட்டவணை எழுதுவேன். இந்த வட்டாரத்துல ஸ்கேன் பண்றவர் ஹீரோ, அட்டவணை எழுதுறவன் குமாஸ்தா. நான் இதை ஒத்துக்க மாட்டேன். என் கட்சி இதுதான்: ஒரு பத்திரிகையை வெட்டி ஸ்கேன் பண்றவருக்கு, அதுல என்ன இருக்குன்னு எழுதி வைக்கிற கடமையும் உண்டு. எழுத மாட்டேன்னா தயவுசெஞ்சு வெட்டாதீங்க. அது பாட்டுக்கு அலமாரியில இருக்கட்டும்.

அப்படி என்னதான் இருக்கு அதுல?

இந்தப் பக்கமே வராதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்.

நிண்டெண்டோவோட ஃபேமிகாம் 1983 ஜூலையில வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1982ல, டெம்பா ஷிம்புன்ஷா 'மைகாம் பேசிக் மேகசின்' ஆரம்பிச்சிட்டாங்க. வாசகர்கள் எழுதி அனுப்புற கேம் புரோகிராம்களை அப்படியே அச்சடிப்பாங்க. அதைப் பார்த்துப் பார்த்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல தட்டச்சு பண்ணித்தான் விளையாடணும். 2003 வரைக்கும் வந்த பத்திரிகை அது. அடுத்து 'பீப்'. இதை நடத்துனது சாஃப்ட்பேங்க். ஆமாங்க, இன்னிக்கு உலகம் பூரா முதலீடு பண்ற அதே மாசாயோஷி சோன் கம்பெனிதான். 1985 ஜூலையில டோக்குமா ஷோட்டெனோட 'ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின்', சுருக்கமா ஃபேமிமாகா. 1986 ஜூன்ல அஸ்கி கம்பெனியோட 'ஃபேமிகாம் த்ஸூஷின்', அதாவது இன்னிக்கு இருக்கிற ஃபேமித்ஸூ. நாலு பேர் ஆளுக்குப் பத்து மார்க் வீதம் போட்டு, நாற்பதுக்கு எத்தனைன்னு சொல்ற விமர்சனம் இவங்களோட முத்திரை. முழுசா 40 வாங்கின முதல் கேம் 1998ல வந்த செல்டாதான். ஆர்கேட் பைத்தியங்களுக்குன்னே 1986ல 'கேமெஸ்ட்' வந்துச்சு. 1999ல பதிப்பகம் திவாலாகி அதுவும் நின்னுபோச்சு.

"கேமே கைவசம் இருக்கு, பத்திரிகை எதுக்கு?"ன்னு கேப்பாங்க. கேம் மட்டும் இருந்தா அதை யார் செஞ்சாங்கன்னுகூட பல நேரம் தெரியாது. அந்தக் காலத்து ஜப்பானிய கேம்கள்ல செஞ்சவங்க பேரையே போட மாட்டாங்க. போட்டாலும் பட்டப்பேருதான். பேரு தெரிஞ்சா வேற கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிடுவான்ங்கிற பயம். அந்தப் பட்டப்பேருக்குப் பின்னாடி யாருன்னு கண்டுபிடிக்க, பத்திரிகைப் பேட்டியை விட்டா நாதி இல்லை. அறிவிச்சு, படம் எல்லாம் போட்டு, கடைசியில வெளிவராமலே போன கேம்கள் நிறைய உண்டு. அதுக்கெல்லாம் பிழைச்சிருக்கிற ஒரே தடயம் ரெண்டு பக்க முன்னோட்டம்தான்.

இன்னொண்ணு. 1983ல சத்தோஷி தாஜிரின்னு ஒரு பையன் கையால எழுதி, ஸ்டேப்ளர் அடிச்சு ஒரு சிற்றிதழ் விட்டார். பேரு 'கேம் ஃப்ரீக்'. படம் வரைய வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. அந்த சிற்றிதழ் பின்னாடி கம்பெனியாகி, 1996ல போக்கிமான் விட்டது. போக்கிமானோட சரித்திரம் ஜெராக்ஸ் காகிதத்துலதான் ஆரம்பிக்குது மக்கா!

சமையல்

ஜப்பான்ல புத்தகத்தை வெட்டி ஸ்கேன் பண்றதுக்கு 'ஜிசுய்'னு பேரு. நேரடி அர்த்தம், தானே சமைச்சுச் சாப்பிடுறது. ஐபேட் வந்த 2010 வாக்குல இந்தச் சமையல் நாடு பூரா பரவுச்சு. காசு வாங்கிக்கிட்டு அடுத்தவங்களுக்குச் சமைச்சுக் கொடுத்த கடைகள் மேல ஹிகாஷினோ கெய்கோ மாதிரி பெரிய எழுத்தாளர்களே கேஸ் போட்டாங்க. 2013ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

கேம் பத்திரிகைக்கு வருவோம். சென்டர் பின் அடிச்ச இதழ்னா பின்னைப் பிடுங்கிட்டுத் தாளைத் தாளா பிரிச்சுடலாம், திரும்ப அடிச்சும் வைக்கலாம். முதுகில் பசை போட்டு ஒட்டின தடி இதழ்தான் தலைவலி. விரிச்சு வெச்சு ஸ்கேன் பண்ணினா நடுப்பகுதி பள்ளத்துல போயிடும். அதனால பெரும்பாலானவங்க முதுகை வெட்டிடறாங்க. வெட்டின இதழ் வெட்டினதுதான். மறுபடியும் பத்திரிகை ஆகாது.

அச்சுப் படம் எல்லாமே குட்டிக் குட்டிப் புள்ளிகள். குறைஞ்ச தரத்துல ஸ்கேன் பண்ணினா அந்தப் புள்ளிகள் கூடி படம் பூரா அலை அலையா கோடு விழும். அதான் 600 டிபிஐ வேணும்னு சண்டை போடறோம். மெல்லிசு தாள்ல பின்பக்கத்து எழுத்து தெரியாம இருக்க, பின்னாடி கறுப்பு அட்டை வைக்கணும். முக்கியமா அந்த புரோகிராம் பக்கங்கள். அமுக்கி அமுக்கிச் சின்னதாக்கின ஜேபெக்ல எட்டும் 'பி'யும் ஒண்ணு, பூஜ்யமும் 'ஓ'வும் ஒண்ணு. ஒரு எழுத்து மாறினா புரோகிராம் ஓடாது. அதை எழுதி அனுப்புன பள்ளிக்கூடத்துப் பையனோட உழைப்பு அதோட போச்சு.

இதெல்லாம் ஸ்கேன் பண்றவங்களுக்கு நல்லாவே தெரியும். இதுக்காக ராத்திரி பகலா விவாதிக்கிறாங்க. தப்பில்லை. ஆனா 600ஆ 400ஆன்னு நாலு நாள் சண்டை போடுற அதே ஆள், இதழோட தேதியை எழுத நாலு நிமிஷம் ஒதுக்க மாட்டேங்கிறார் பாருங்க, அங்கேதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

தேதி எழுத என்ன பெரிய கஷ்டம்?

கஷ்டம்தான் சாமி. அதனாலதான் சொல்றேன்.

'பீப்' முதல் இதழ் எப்போ வந்துச்சு? அட்டையைப் பார்த்தா 1985 ஜனவரி. கடைக்கு வந்தது 1984 டிசம்பர். ஜப்பான்ல மாத இதழ்கள் முன்தேதி போட்டுத்தான் வரும். இது தெரியாம ஒருத்தர் அட்டைத் தேதியை வெச்சு, "இந்த கேம் பத்தின முதல் செய்தி இந்த மாசம்தான் வந்துச்சு"ன்னு கட்டுரை எழுதுறார். அதைப் பார்த்து இன்னும் பத்து பேர். வாரப் பத்திரிகைன்னா புத்தாண்டுக்கு ரெண்டு வாரத்தைச் சேர்த்து ஒரே இதழா விடுவாங்க, ரெண்டு தேதி இருக்கும். சில இடத்துல ஷோவா வருஷக் கணக்கு. ஷோவா 60ன்னா 1985. வருஷ எண் ஒண்ணு, ஆரம்பத்துல இருந்து வர்ற தொடர் எண் இன்னொண்ணு. எதை எழுதுனீங்கன்னு சொல்லாம வெறும் "எண் 12"ன்னு போட்டா யாருக்குப் புரியும்?

பேருங்க இன்னும் மோசம். ஒரே கான்ஜியை சச்சிகோன்னும் படிக்கலாம், யுகிகோன்னும் படிக்கலாம். அதனால பேரை ஜப்பானிய எழுத்துலயே எழுதிட்டு, உச்சரிப்பு எங்கேயாவது அச்சாகியிருந்தா மட்டும் பக்கத்துல போடணும். நாமளா ஒரு உச்சரிப்பை ஊகிச்சுப் போட்டா, ஒரே ஆள் ரெண்டு ஆளாயிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஃபேமிமாகா. அதுல ஒரு பகுதி வரும், கேம்ல இருக்கிற ரகசிய வித்தைகளோட பட்டியல். அதுக்குள்ள வேணும்னே ஒரு பொய் வித்தையைச் செருகி வைப்பாங்க. எது பொய்னு வாசகர்கள் கண்டுபிடிச்சு எழுதிப் போடணும். விடை பின்னாடி வர்ற இதழ்ல. 1986ல ஸ்கொயர் விட்ட 'சுய்ஷோ நோ ட்ராகோன்'னு ஒரு கேம்ல, அதுல வர்ற பொண்ணோட துணி அவிழ்க்கிற போட்டி விளையாடலாம்னு ஒரு பொய்யை விட்டாங்க. பாவம், எத்தனை பசங்க ராத்திரி முழுக்க முயற்சி பண்ணாங்களோ! :-) பல வருஷம் நம்பிக்கிட்டிருந்தவங்க உண்டு.

இப்போ யோசிங்க. அந்த ஒரு இதழ் மட்டும், அட்டவணை எதுவும் இல்லாம, அருமையான தரத்துல ஸ்கேன் ஆகி நம்ம கைக்கு வருது. விடை இருக்கிற இதழ் எதுன்னு யாரும் எழுதி வைக்கலை. அம்பது வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சி மாணவர் அதைப் படிச்சா என்ன எழுதுவார்? "இந்த கேம்ல இப்படி ஒரு ரகசியம் இருந்தது, ஆதாரம் இதோ." பக்கம் பளிச்சுன்னு இருக்கும், தகவல் பச்சைப் பொய்யா இருக்கும். இந்தப் பக்கத்தையும் விடை வந்த பக்கத்தையும் முடிச்சுப் போடுறது அட்டவணையில எழுதுற ஒரே ஒரு வரிதான்.

"ஏஐ பார்த்துக்கும் பாஸ்"

நண்பர் சொன்ன அடுத்த பாயிண்ட் இது. எழுத்தை எல்லாம் இப்போ கம்ப்யூட்டரே படிச்சிடும், நீ எதுக்கு உக்காந்து எழுதுறே?

சரி, ஒரு கதை சொல்றேன், நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்டது. கேமெஸ்ட் பத்திரிகை அச்சுப்பிழைக்குப் பேர் போனது. செகாவோட 'ஸ்கட் ரேஸ்' கார் பந்தய கேமுக்கு டிப்ஸ் எழுதுறாங்க. ஆசிரியர் குழுவுல ஒருத்தர் கையால எழுதினது "ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பு". அச்சுல வந்தது "இந்தியரை வலப்பக்கம்"! ஸ்டியரிங்குக்கு ஜப்பானியத்துல 'ஹந்தோரு'. இந்தியருக்கு 'இந்தோஜின்'. நடுவுல இருக்கிற ரெண்டு எழுத்து ஒண்ணுதான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவசரக் கையெழுத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அச்சுக் கோர்த்தவர் அப்படியே படிச்சிட்டார். இன்னிக்கும் ஜப்பானிய கேம் ரசிகர்களுக்கு இது பழமொழி மாதிரி. ஆபீஸ்ல இதை யாராவது எடுத்துவிட்டா என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க. அவ்வ்வ்வ்!

ஒரு மனுஷனே இப்படிப் படிச்சா, படத்து மேல சாய்வா, மஞ்சள்ல சிவப்பு எழுத்தா, மேலிருந்து கீழே ஒரு பத்தி, இடமிருந்து வலம் ஒரு பத்தின்னு போற கேம் பத்திரிகைப் பக்கத்தை மெஷின் எப்படிப் படிக்கும்? முன்னைக்கு இப்போ ரொம்பத் தேறியிருக்கு, மறுக்கலை. ஜப்பான் தேசிய நூலகமே 2022ல தன்னோட எழுத்துணரி மென்பொருளை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. நானும் மெஷினைப் பயன்படுத்துறேன். ஆனா அது செய்யற வேலை வேற. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு அது சொல்லும். இது விளம்பரமா விமர்சனமா, இந்தப் பட்டப்பேர் யாரு, அடுத்த இதழ்ல இதுக்கு மறுப்பு வந்துச்சா, பக்கம் குறையுதா, குறையுதுன்னா முதல்லயே இல்லையா, ஸ்கேன் பண்ணும்போது விட்டுப்போச்சா? கடைசிக் கேள்விக்குப் பதில் காகிதத்தைக் கையில வெச்சிருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். பீப் இதழோட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் இசைத்தட்டு வரும், கேம் இசையோட. அது உங்க பிரதியில இருந்துச்சா இல்லையான்னு எந்த ஏஐ சொல்லும்? நீங்கதான் சொல்லணும், வெட்டுறதுக்கு முன்னாடி.

"அரசாங்க நூலகம் இருக்கே?"

இருக்கு. ஜப்பான்ல வெளியாகிற பத்திரிகை எல்லாம் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி போகணும். ஆனா டோக்கியோவுக்கு நேர்ல போகணும், அல்லது நகல் கேட்டு எழுதிப் போடணும். நகலும் ஒரு பகுதிதான் எடுக்கலாம். 2022 மே மாசத்துல இருந்து கடையில கிடைக்காத பழைய புத்தகங்களை வீட்டுல இருந்தே படிக்கிற வசதி கொடுத்தாங்க. நானும் துள்ளிக் குதிச்சேன். விதியைப் படிச்சா, காமிக்ஸும் வணிகப் பத்திரிகைகளும் கிடையாதாம்.

காப்புரிமையும் லேசுப்பட்டதில்லை. 2018 டிசம்பர் 30ல இருந்து அங்கே காப்புரிமைக் காலம் அம்பதுல இருந்து எழுபது வருஷம் ஆயிடுச்சு. 1985ல நிறுவனத்தோட பேர்ல வந்த பக்கத்துக்கு 2055 முடியற வரைக்கும் உரிமை. திவாலான கம்பெனியோட பத்திரிகைக்கு யார்கிட்ட போய் அனுமதி கேட்க? யாருக்கும் தெரியாது. காகிதம் அதுவரைக்கும் காத்திருக்குமான்னும் தெரியாது.

இங்கேதான் என் கட்சிக்கு வலுவே இருக்கு. ஸ்கேன் இருக்கிற இடம் எப்பவும் ஆடிக்கிட்டேதான் இருக்கும். உரிமைக்காரர் ஒரு கடிதம் போட்டா எடுக்க வேண்டியதுதான், அது அவங்க உரிமை. 2024 அக்டோபர்ல இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தையே தாக்கிப் பல நாள் முடக்கினாங்க, ஞாபகம் இருக்கா? ஆனா "இந்தப் பத்திரிகை, இந்த இதழ், 43ஆம் பக்கம், இந்த கேம் பத்தி இன்னாரோட பேட்டி"ங்கிறது வெறும் தகவல். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. ஸ்கேன் போனாலும் அட்டவணை நிக்கும். பத்தாயிரம் வரி அட்டவணை ஒரே ஒரு ஸ்கேன் பக்கத்தைவிட இடம் குறைவா பிடிக்கும். நூறு பேர் நூறு இடத்துல வெச்சுக்கலாம். அதை வெச்சுக்கிட்டு தேசிய நூலகத்துல போய் "இந்த இதழ், இந்தப் பக்கம்"னு சட்டப்படி கேட்டு வாங்கலாம். அங்கே இருக்கிற கட்டுரை அட்டவணை பெரும்பாலும் ஆராய்ச்சி இதழ்களுக்கானது. கேம் பத்திரிகைக்குள்ள என்ன இருக்குன்னு நாமதான் எழுதணும்.

இதுக்கு அங்கேயே ஒரு முன்மாதிரி இருக்கு. ஓயா சோய்ச்சின்னு ஒரு பத்திரிகையாளர். யாரும் மதிக்காத வாரப் பத்திரிகை, சினிமாப் பத்திரிகைன்னு ஏறக்குறைய ரெண்டு லட்சம் பிரதி சேர்த்தார். 1970ல காலமானார். அடுத்த வருஷம் அது பொது நூலகமாச்சு. அந்த நூலகத்தோட பெருமை எண்ணிக்கை இல்லை. எந்த ஆளைப் பத்தி, எந்த விஷயத்தைப் பத்தி எந்த இதழ்ல வந்திருக்குன்னு போட்டு வெச்சிருக்கிற அட்டவணை. நிருபர்கள் தேடிப் போறது அதுக்காகத்தான். அமெரிக்காவுல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில இணைய நூலகத்தைத் திறந்தாங்க. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல பத்திரிகை இதழ்களைச் சொல் போட்டுத் தேடலாம். அதுக்குப் பின்னாடி இருக்கிறதும் பொறுமையான நூலக வேலைதான்.

சரி, என்னதான் எழுதணும்?

ரொம்ப இல்லை. என் கணக்குல குறைஞ்சபட்சம் இவ்வளவு:

1. பத்திரிகை பேரு ஜப்பானிய எழுத்துல. அட்டைத் தேதி, கடைக்கு வந்த தேதி ரெண்டும் தனித்தனியா.
2. தொடர் எண், பதிப்பாளர். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போடாதீங்க.
3. மொத்தம் எத்தனை பக்கம், எது இல்லை, என்ன இணைப்பு வந்துச்சு, உங்க பிரதியில எது இருக்கு.
4. எந்தப் பக்கத்துல எந்த கேம். முன்னோட்டமா, விமர்சனமா, பேட்டியா, விளம்பரமா.
5. எழுதினவர், பேசினவர் பேரு, பட்டப்பேரா இருந்தாலும்.
6. எப்படி ஸ்கேன் பண்ணினீங்க, வெட்டினீங்களா, நிறத்தை மாத்தினீங்களா.

128 பக்க இதழுக்கு எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆகுது. ஜப்பானிய மொழி சுத்தமா தெரியாதவங்களும் 1, 2, 3, 6 எழுதலாம். அதுக்கு அரை மணி நேரம் போதும். மீதியை மொழி தெரிஞ்ச எவனாவது பின்னாடி வந்து முடிப்பான். அந்த எவனுக்கு ஒரு நூல் முனையாவது விட்டு வைங்க.

"நம்ம ஊர் பத்திரிகையே குப்பையில போகுது, ஜப்பான்காரன் பத்திரிகைக்கு உனக்கென்னய்யா?"ன்னு யாராவது கட்டாயம் கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் இருக்கிறது இங்கே, ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள்ல என் கைக்குக் கிடைக்கிறது இது. உங்க கைக்குக் கிடைக்கிறதுக்கு நீங்க எழுதுங்க. மேலே சொன்ன ஆறும் எந்த மொழிப் பத்திரிகைக்கும் பொருந்தும்.

இந்த இதழ்கள் எல்லாம் அச்சடிச்ச காலத்துல லட்சக்கணக்குல இருந்திருக்கலாம். படிச்சிட்டுப் பழைய பேப்பருக்குப் போட்டது போக மிஞ்சினது கொஞ்சம். அதைச் சேர்த்து வெச்சவங்களுக்கும் வயசாகுது. அவங்க வீட்டைக் காலி பண்ணும்போது அந்த அட்டைப்பெட்டிகள் எங்கே போகும்னு சொல்ல முடியாது. அதுல ஒண்ணை விலை கொடுத்து வாங்கி முதுகை வெட்டுறீங்கன்னா, உலகத்துல ஒரு பிரதியைக் குறைச்சிட்டீங்கன்னு அர்த்தம். அதுக்கு ஈடா அரை மணி நேரம் உக்காந்து எழுதுங்கன்னு கேக்கறது பெரிய விஷயமா எனக்குப் படலை. உங்களுக்குப் பட்டா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க, பதில் சொல்றேன்.

பி.கு: அந்த முன்னூறு இதழ்ல இதுவரைக்கும் பதினாலு இதழ் எது எதுன்னு கண்டுபிடிச்சாச்சு. விளம்பரத்துல இருக்கிற கேம் வெளியீட்டுத் தேதிகளை வெச்சுத்தான். விளம்பரப் பக்கத்தை வேஸ்ட்னு ஸ்கேன் பண்ணாம விடற புண்ணியவான்களே, உங்களுக்குத் தனிப் பதிவு வருது, ரெடியா இருங்க!